ஆயுத பூசைக்குப் பின் கொதித்த மோட்டார்

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. பதினேழு வயதில் தொடங்கியது, இன்றுவரை விட்டதில்லை. மழை பெய்த நாள், சரக்கு வந்து இறங்கிய நேரம், வாசித்து முடித்த புத்தகம், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அதில் இருக்கும். தேதியில் நான் தவறியதில்லை என்று ஒரு கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்த ஆறு நாட்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கெடாமல் போனதற்கு இரண்டு பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒருவர் என் மனைவி. மற்றவர் அந்த மனிதரே.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. இப்போது பதுளைக்கே வந்துவிட்டதால் இளையவர்களுக்கு அந்தத் தூரம் புரியாது. பதுளையில் இருக்கும் எங்கள் புடவைக்கடைக்கு வரும் சரக்கு பண்டாரவளையில் இறங்கி, மாட்டுவண்டியில் மலை இறங்கி, ஹாலிஎலை வழியாக எங்களிடம் வந்து சேரும்போது மூட்டையின் ஒரு பக்கம் எப்போதும் நனைந்திருக்கும். அதனால்தான், நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தம் மோட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் துணிந்து வாங்கினார். ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அது கடைவாசலில் வந்து நின்றது. சந்தைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் அதைச் சுற்றி நின்றார்கள்.

மோட்டாரோடு அதன் டிரைவரும் வந்தார். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர். துரையின் வண்டியைக் கழுவத் தொடங்கி, பிறகு அதன் எஞ்சின் கூட்டைத் திறந்து மூடி, பிறகு ஓட்டவும் கற்றுக்கொண்டவர். எங்களிடம் வருவதற்காகத் தோட்டத்து ஆள் பதிவில் தம் பெயரை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயரை வெட்டிக்கொண்டு வெளியே போனவன் திரும்பிப் போய்ப் பதிவு கேட்டால் கங்காணியின் முகம் எப்படி இருக்கும் என்பது தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். "நான் திரும்பிப் போனா, காலையில ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல எல்லாரும் ஹாரன் அடிச்சுக் காட்டுவாங்க" என்பார்.

வண்டியின் முகப்பில் தேன்கூடு போல் ஒன்று இருக்கும். ரேடியேட்டர் என்று துரை கொடுத்த புத்தகம் சொன்னது. டிரைவர் தண்ணிப்பெட்டி என்பார். எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய தண்ணீர் அந்தப் பெட்டியின் மேல்பக்கம் வந்து, ஈர்க்கு அளவுள்ள குழாய்கள் வழியாக இறங்கி, காற்றில் ஆறி, அடிப்பக்கமாக மறுபடி எஞ்சினுக்குப் போகும். எங்கள் வண்டியில் தண்ணீரைத் தள்ளிவிட எந்தப் பொறியும் கிடையாது. சூடானது மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அவ்வளவே. நான்கு மாதம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

அந்த வருஷம் ஆயுத பூசை திங்கட்கிழமை வந்தது. கடையில் கஜக்கோல், கத்தரிக்கோல், இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது வழக்கம். மோட்டாருக்கு முதல் பூசை என்பதால் டிரைவர் விடிந்ததும் வந்துவிட்டார். "வெளிய மட்டும் குளிப்பாட்டினா எப்படிங்க, உள்ளயும் குளிக்கட்டும்" என்று பெட்டியின் அடிக்குழாயைத் திறந்தார். துரு கலந்த பழைய தண்ணீர் தேயிலைச் சாயம் போல் ஓடியது. பிறகு கடைக்குப் பின்னால் மலையிலிருந்து தாரையாக விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: காலை ஏழேகால் மணி. டிரைவர் மோட்டாரின் பழைய தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் ஊற்றினார்.

மாலையில் பூசை. அண்ணன்தான் எப்போதும் செய்வார். அன்று அவர் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது, டிரைவர் தேங்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். கடையில் பூசையை நான் முடித்தேன். மோட்டாரின் விளக்குகளுக்குச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கும்பத்து நீரை மாவிலையால் எல்லாவற்றின்மேலும் தெளித்தேன். மோட்டாருக்கு அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அதை அன்று நாட்குறிப்பில் எழுதவில்லை. அதன் இடம் வரும்போது இங்கே சொல்கிறேன்.

மறுநாள் செவ்வாய், விஜயதசமி. ஹாலிஎலைவரை போய் வந்தோம். திரும்பி வந்து நிறுத்தியபோது பெட்டியின் மூடிப் பக்கம் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சூடு ஆறியதும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

புதன்கிழமை பண்டாரவளைக்குச் சரக்கு எடுக்கப் புறப்பட்டோம். அண்ணன் முன்னால், நான் பின்னால். ஹாலிஎலை தாண்டித் தெமோதரையை நோக்கி ஏற்றம் தொடங்கியதும் முகப்பிலிருந்து ஆவி வந்தது. இன்னும் இரண்டு வளைவு போனதும் மூடி தடதடவென்று ஆடி, வெந்நீர் பீய்ச்சி அண்ணனின் சரிகை அங்கவஸ்திரத்தில் தெறித்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

அண்ணன் இறங்கிக் காற்றை மோந்து பார்த்தார். "பக்கத்துல எங்கயோ சோறு வடிக்கிறாங்க போல இருக்கே?"

"இங்க பக்கத்துல லயம் ஒண்ணும் இல்லீங்களே, பெரிய மொதலாளி" என்று டிரைவர் சுற்றிலும் பார்த்தார்.

"அப்போ என் வயிறுதான் பேசுது. நீ வண்டியப் பாரு."

மேலே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "மொதலாளி! மாடு எங்க மொதலாளி? அவுத்து மேய விட்டுட்டீங்களா?" என்று ஒருத்தி கத்தினாள். "மோட்டாருக்கு வயித்துவலி. ஓமத்தண்ணி குடுங்க!" என்றாள் இன்னொருத்தி. மலை முழுவதும் சிரித்தது. பஜாரில் யாரும் அண்ணன் முகத்துக்கு நேரே சிரித்ததில்லை. அவர் வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

டிரைவர் காற்றாடியின் தோல் வாரை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. ஓட்டும் சக்கரத்துக்கு அடியில், தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளும் கைப்பிடியைப் பார்த்தார். அது பின்தங்கி இருந்தால் எஞ்சின் சூடேறுமாம். அதுவும் சரியாக இருந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்து, சாக்கைப் போர்த்தி மூடியைத் திறந்து, ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார். கால் மைல்கூடப் போகவில்லை, மறுபடி கொதித்தது. மேலே வந்த நுரை வெளுப்பாக, கஞ்சி போல இருந்தது. "சவுக்காரம் கலந்த மாதிரி இருக்கே" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து மலையை இறங்கினோம். சரக்கு வழக்கம்போல் மாட்டுவண்டியிலேயே வந்தது.

அன்று சாயங்காலம் கடையில் அண்ணன் என்னிடம் கேட்டார். "நாலு மாசம் நல்லா ஓடின வண்டி, திடீர்னு ஏன் இப்படிப் பண்ணுது, தம்பி?"

நான் நாட்குறிப்பை எடுத்தேன். இன்று நினைத்தாலும் கை கூசுகிறது, ஆனால் அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டி வாசித்தேன். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஒருநாளும் கொதித்ததாகக் குறிப்பு இல்லை. திங்கள் காலை ஏழேகாலுக்கு டிரைவர் தண்ணீரை மாற்றினார். செவ்வாய் சீறல். புதன் கொதிப்பு. "தண்ணிய மாத்தினதுலதான் என்னமோ ஆயிருக்கு அண்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அவன்தான் கெடுத்திருக்கான்." அண்ணன் வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். டிரைவர் அங்கே நின்றிருந்தார். "சனிக்கிழமை அப்புத்தளையில என் பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வண்டி ஆவி விடாம நிக்கணும். இல்லன்னா நான் மாட்டுவண்டி கட்டிக்கிட்டுப் போறேன், நீ நமுனுகுலைக்குப் போ."

"சரிங்க, பெரிய மொதலாளி" என்றார் டிரைவர்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து நானும் அவரும் வண்டியோடு இருந்தோம். நான் துரையின் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் செய்து பார்ப்பார். புதுத் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்று அடைபட்டு நின்றால் தண்ணீர் சுற்றாது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அவர் வண்டியின் முகப்பு மேட்டைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தி, மேல் ரப்பர் குழாயின் பட்டையைத் தளர்த்தினார். ஒரு குமிழி வந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கிளப்பினோம். கால் மணி நேரத்தில் பழைய கதைதான்.

பிறகு அவர் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். கொதிக்கும் பெட்டியின் மேல்பக்கம் விரல் நுனியை வைத்து உடனே எடுத்தார். குனிந்து அடிக்குழாயை உள்ளங்கையால் பற்றினார். பற்றியபடியே இருந்தார்.

"சின்ன மொதலாளி, நீங்களும் கைய வெச்சுப் பாருங்க. மேல அடுப்பு. கீழ பீலி. நடுவுல வழி அடைச்சிருக்குங்க."

"அடைக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ ஊத்தின தண்ணியிலதான் மண்ணு இருந்திருக்கும்."

"வேட்டியில வடிகட்டி ஊத்தினேனுங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?" அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கையிலிருந்த நாட்குறிப்பைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார். பேச்சை நிறுத்திவிட்டு, "பெட்டியக் கழட்டிப் பாத்துட வேண்டியதுதான்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி பரிமாறினாள். டிரைவரின் அலட்சியத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போனேன். ஏழேகால் மணிக் குறிப்பையும் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க, காலையில அவரு ஊத்தின தண்ணிய மணியோட எழுதியிருக்கீங்க. சாயங்காலம் நீங்க ஊத்தினதை எழுதலையா?"

"எதை?"

"நான் கதவோரம் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். கும்பத்துல மிச்சமிருந்ததை அப்படியே வண்டி வாயில கவுத்தீங்களே."

"அது பூசை. தீர்த்தம்."

"தீர்த்தம் சரி. அட்சதை எங்க போச்சு? ரெண்டு பிடி அரிசியில மஞ்சள் கலந்து நான்தான் தட்டுல வெச்சேன். கொழந்தை தலையில போட ஒரு மணி கெடைக்கல. கோழி வந்து தின்னுச்சா?"

நான் செய்தது இதுதான். எல்லா ஆயுதத்துக்கும் மேலே தெளித்தால் போதும், இதற்கு மட்டும் தண்ணீர் குடிக்கிற வாய் இருக்கிறதே என்று தோன்றியது. மூடியைத் திறந்தேன். கும்ப நீரை ஊற்றினேன். நீண்ட ஆயுளோடு ஓடு என்று வாழ்த்தி, தட்டிலிருந்த அட்சதை முழுவதையும், கூடவே நாலு செவ்வந்திப் பூவின் இதழ்களையும் உள்ளே போட்டேன். மணமக்கள் தலையில் போடுவதுபோல மனம் நிறைந்து போட்டேன். மூடியைத் திருகிவிட்டு மறந்துபோனேன். பூசையில் செய்ததைக் காரணங்களின் வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இலையில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தெமோதரை ஏற்றத்தில் அண்ணன் மோந்து பார்த்துச் சோறு வடிக்கிறார்களா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். "நல்லவேளை கேட்டே" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

டிரைவர் வண்டிக்கடியில் படுத்துத் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். குனிந்து சொன்னேன். முழுவதும் சொன்னேன், பூ இதழ் உட்பட. அவர் மெதுவாக வெளியே வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் அரிசி.

"செவ்வாக்கெழம மூடியத் தொறந்தப்போ அதோட திருகு புரியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. சாமி காரியம்னு எடுத்து மடிச்சு வெச்சேன்."

"அப்பவே ஏம்பா சொல்லல?"

"ஒரு மணி அரிசிதானேன்னு இருந்தேன். ரெண்டு பிடின்னு எனக்கு என்ன தெரியும்?" காகிதத்தை மறுபடி மடித்தார். "நேத்து கொஞ்சம் சந்தேகம் வந்துச்சுங்க. ஆனா நீங்க புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கீங்க. நான் போய், உங்க பூசைதான் வண்டியக் கெடுத்துச்சுன்னு ஒரு அரிசியக் காட்டினா, பெரிய மொதலாளி சனிக்கெழமவரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டாரு."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து திருகாணிகளைத் தளர்த்த உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைக் கழற்றி இருவரும் பீலிக்குத் தூக்கிப் போனோம். தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழே போகும் வழியில்தான் அடைப்பு இறுகியிருக்கும், அதனால் எதிர்வழியாகத் தள்ள வேண்டும் என்றார் அவர். பெட்டியைத் தலைகீழாக்கி, அடிவாயைப் பீலியின் கீழ் பிடித்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குழம்பிய மஞ்சள் கஞ்சி சொட்டியது. அவர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். கட்டியாக வந்து விழுந்தது. நன்றாக வெந்த சோறு.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "மொதலாளி, மன்னிச்சுக்கங்க" என்று வாயைப் பொத்தினார். முடியவில்லை. "தண்ணிப்பெட்டியில பொங்கல் வெச்ச மொத ஆளு இந்த மலையிலயே நீங்கதானுங்க. கொஞ்சம் வெல்லம் போட்டிருந்தீங்கன்னா, தெமோதரையில எறக்கி எல்லாருக்கும் குடுத்திருக்கலாம்."

மூன்று நாளில் அன்றுதான் நாங்கள் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாமிக்குப் போட்ட அரிசி காலில் மிதிபடக்கூடாது என்று அவர் அதை ஒரு வாழை இலையில் வழித்தெடுத்து மரத்தடியில் வைத்தார். காக்கைகள் வந்து தின்றன. பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி, ஈர்க்கால் எட்டிய இடமெல்லாம் குத்தி, மறுபடி பீலியில் பிடித்தார். மேல்வாய் வழியாகத் தெளிந்த தண்ணீர் தடையில்லாமல் கொட்டும்வரை விடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைப் பூட்டிக் கிளப்பினார். அரைமணி ஓடியபின் என்னைக் கூப்பிட்டு அடிக்குழாயைத் தொடச் சொன்னார். சூடாக இருந்தது. ஒரு குழாய் சூடாக இருந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

அண்ணனிடம் போவதற்கு முன் நாட்குறிப்பைத் திறந்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. எழுதினேன்: மாலை ஆறரை மணி. மோட்டாரின் தண்ணீர்ப் பெட்டிக்குள் கும்ப நீரையும் இரண்டு பிடி அட்சதையையும் போட்டவன் நான். டிரைவர் மீது குற்றமில்லை.

கடையில் இரண்டு பேர் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் என் தைரியமும் போய்விடும் என்று தெரிந்ததால், பக்கத்தைத் திறந்து அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"இது எழுத்துல இருக்கு" என்றார்.

"இருக்கு அண்ணே."

"அப்போ நமுனுகுலைக்கு நீதான் போகணும்."

சேலை பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் வாசலுக்குப் போய், டிரைவரைப் பார்த்து, "நாளைக்குக் காலையில அஞ்சரைக்குக் கெளம்பணும்ப்பா. எல்லாரையும் பத்திரமாக் கொண்டுபோயிரு" என்றார். அண்ணன் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். டிரைவர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆவி பட்ட முகம் என்று சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை போனோம். தெமோதரை வளைவில் அதே பெண்கள் நின்று, "மாடு சொகமா?" என்று கேட்டார்கள். அண்ணனே கையை உயர்த்தி, "நல்லா மேயுது!" என்றார். பண்டாரவளை தாண்டினோம். அப்புத்தளையில் பனிமூட்டம் இறங்கி முன்வழி தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் லாந்தரோடு வெளியே வந்தபோது, வண்டியிலிருந்து ஆவி வருகிறதா, மூட்டமா என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. டிரைவர் இறங்கி, வெறும் கையைத் தண்ணிப்பெட்டியின் நெற்றியில் வைத்தார். எடுக்கவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விருந்தில் முதல் பந்தியில் தம் பக்கத்தில் அவருக்கு இலை போடச் சொன்னார் அண்ணன்.

இன்றும் எங்கள் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். வண்டி மாறிவிட்டது. கடைப் பூசை இப்போது என் பொறுப்பு; ஒவ்வொரு ஆயுத பூசைக்கும், நான் கும்பத்தைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, அவர் வந்து தண்ணிப்பெட்டி மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். "தெளிங்க மொதலாளி, தாராளமாத் தெளிங்க" என்பார். கையை மட்டும் எடுக்க மாட்டார்.

அந்த மஞ்சள் அரிசியை அவரிடம் கேட்டு வாங்கி, திங்கட்கிழமைப் பக்கத்தில் காகிதத்தோடு ஒட்டி வைத்திருக்கிறேன். நாட்குறிப்பில் எதையாவது திடமாக எழுதப் போகும்போது சில சமயம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.